கூலாய்த் தட்டும் கல்லீரல் கொழுப்பும்

வயிற்று ஸ்கேனில் ‘ஃபேட்டி லிவர், கிரேட் 1’ என்று வந்துவிட்டால் வீட்டில் முதலில் அடுப்பைவிட்டு இறங்குவது எண்ணெய்ச்சட்டிதான். பொரித்துக்கொண்டிருந்த கெம்போங் மீன் குழம்புக்குப் போகும். அப்பளத்தைச் சுட்டுத் தருவார்கள். சம்பாலில் எண்ணெய் மிதந்தால் கரண்டியால் ஒதுக்குவார்கள். இத்தனை கெடுபிடிக்கு நடுவிலும் காலையில் டின் பால் ஊற்றிய தேத்தண்ணி நிற்காது. பத்து மணிக்குக் கம்பெனி கேன்டீனில் மைலோ ஐஸ் நிற்காது. வேலை முடிந்து வரும்போது மாமாக் கடையில் ஒரு தே தாரிக்கும் ரொட்டி சானாயும் நிற்காது. ஈரலில் சேர்ந்திருப்பது கொழுப்பு, ஆகவே அது எண்ணெயிலிருந்துதான் வந்திருக்கும் என்று நம்மில் பலர் கணக்குப் போடுகிறோம். கடந்த இருபது ஆண்டு ஆய்வுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு பாதிதான் சரி. அதுவும் சின்னப் பாதி.

வாத்து வளர்ப்பவர்களுக்கு இது எப்போதோ தெரியும். பிரெஞ்சு விருந்துகளில் ‘ஃபுவா கிரா’ என்று பரிமாறப்படுவது கொழுப்பேறிய வாத்து ஈரல். அந்த ஈரலை உண்டாக்க வாத்தின் தொண்டையில் குழாய் வைத்துத் திணிப்பது மக்காச்சோளம். பழைய ரோமாபுரியில் அத்திப்பழம் கொடுத்தார்கள். நெய்யோ எண்ணெயோ கொடுக்கத் தேவைப்படவில்லை. மாவும் இனிப்பும் அளவுக்கு மீறி உள்ளே போனால் ஈரல் தானே கொழுப்பைச் செய்து தனக்குள்ளேயே அடுக்கி வைத்துக்கொள்கிறது.

மனிதரிடம் இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று 2005இல் அமெரிக்காவிலிருந்து வந்தது. நோயாளிகளின் உணவிலும் இரத்தத்திலும் அடையாளமிட்ட மூலக்கூறுகளைச் செலுத்தி, அவர்களுடைய கல்லீரலில் இருந்த கொழுப்பு எந்த வழியாக வந்தது என்று பின்தொடர்ந்தார்கள். 59 விழுக்காடு, உடம்பில் ஏற்கெனவே சேர்ந்திருந்த கொழுப்பு கசிந்து இரத்தம் வழியாக வந்தது. 26 விழுக்காடு, சீனியையும் மாவுச்சத்தையும் கொண்டு கல்லீரலே புதிதாகத் தயாரித்தது. சாப்பாட்டிலிருந்த கொழுப்பு நேரே போய்ச் சேர்ந்தது 15 விழுக்காடுதான். சிறிய ஆய்வு, ஆனால் அதன்பின் வந்தவையும் பெரும்பாலும் இந்தப் படத்தோடு ஒத்துப்போயின. ஆரோக்கியமானவர் உடம்பில் கல்லீரல் சொந்தமாகத் தயாரிக்கும் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டுவது அரிது. நோயாளியிடம் அந்தப் பட்டறை இரவும் பகலும் ஓடுகிறது; அதை ஓட்டுவது இன்சுலின். வயிற்றுக் கொழுப்பு இன்சுலினின் சொல் கேட்காமல் கசிகிறது. கல்லீரலோ கொழுப்பு செய் என்ற கட்டளையை மட்டும் விடாமல் நிறைவேற்றுகிறது.

நோயின் விவரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கல்லீரல் அணுக்களில் 5 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்புத் துளி தெரிந்தால் அது கொழுப்புக் கல்லீரல். குடிக்காதவர்களின் ஈரலும் குடிகாரர் ஈரல்போல வீங்கிக் கிடப்பதை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லுட்விக் என்ற நோயியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1980இல் எழுதினார்கள். 2023இல் உலகக் கல்லீரல் மருத்துவச் சங்கங்கள் கூடி, உடல்பருமன், நீரிழிவு, இரத்தக்கொதிப்பு இவற்றோடு இணைந்த வளர்சிதை மாற்றக் கோளாறாக இதற்குப் புதுப்பெயர் வைத்தன. உலகில் பெரியவர்களில் ஏறக்குறைய 30 விழுக்காட்டினருக்கு இது இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கொழுப்பு கொழுப்பாகவே நின்றுவிடும். சிலருக்கு அழற்சி கண்டு, தழும்பு விழுந்து, ஈரல் இறுகி, கடைசியில் புற்றுநோய்வரை போகும். ஆனால் இந்த நோய் உள்ளவர்களின் உயிரை அதிகம் பறிப்பது ஈரல் இல்லை, மாரடைப்பு. அதனால்தான் ‘கிரேட் 1 தானே’ என்று தாளை மடித்து அலமாரியில் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இனி சாப்பாட்டுக்கு வருவோம். குற்றவாளிக் கூண்டில் நிற்கும் பொருள்களில் சாட்சியம் மிக உறுதியாக இருப்பது இனிப்புப் பானத்துக்கு எதிராகத்தான். டென்மார்க்கில் உடல் எடை கூடியவர்களை நான்கு பிரிவாக்கி ஆறு மாதம் நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கச் செய்தார்கள்: ஒரு பிரிவுக்குக் கோலா, மற்றவற்றுக்குப் பால், சீனியில்லாத கோலா, தண்ணீர். 2012இல் வெளியான முடிவின்படி, கோலா குடித்தவர்களின் கல்லீரல் கொழுப்பு மற்றவர்களோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குக்கும் மேல் ஏறியிருந்தது. பாலிலும் கிட்டத்தட்ட அதே கலோரிதான். பால் குடித்தவர்களுக்கு அப்படி ஏறவில்லை. 2019இல் அமெரிக்காவில் இந்த நோயுள்ள 40 பையன்களை எடுத்துப் பாதிப்பேர் வீட்டில் சீனியை ஏறக்குறைய ஒழித்துப் பார்த்தார்கள். பையனுக்கு மட்டும் தனிச்சமையல் வைக்காமல் முழுக் குடும்பத்துக்கும் சாப்பாட்டை மாற்றினார்கள். எட்டே வாரத்தில் ஈரலின் கொழுப்பு 25 விழுக்காட்டிலிருந்து 17க்கு இறங்கியது. வழக்கமான சாப்பாட்டில் இருந்தவர்களுக்கு 21இலிருந்து 20. இன்னோர் ஆய்வில், உடல்பருமனான பிள்ளைகளுக்குக் கலோரியைக் குறைக்காமல் சீனிக்குப் பதில் மாவுச்சத்தை வைத்தார்கள். ஒன்பது நாளில் அவர்களின் கல்லீரல் கொழுப்பு 7.2 விழுக்காட்டிலிருந்து 3.8 ஆனது. ஒன்பது நாள்!

காரணம் சீனியின் பாதியான பிரக்டோஸ். குளுக்கோஸை உடம்பின் எல்லாத் தசைகளும் எடுத்துக்கொள்ளும். பிரக்டோஸின் பெரும்பகுதி நேரே கல்லீரலில் போய் இறங்குகிறது, அங்கே கொழுப்பாகிறது. பானமாகக் குடித்தால் அது வேகமாகவும் மொத்தமாகவும் வந்து சேரும்; வயிறும் நிறைந்த மாதிரி தோன்றாது. முழுப் பழத்தில் நாரும் நீரும் இருப்பதால் அந்த வேகம் இல்லை. ஆகவே கொய்யா, பப்பாளி சாப்பிடப் பயப்பட வேண்டாம். அவற்றையே சாறாக அடித்துச் சீனி போட்டால் சங்கதி வேறு. டுரியான் பருவத்தில் ஒரே இருப்பில் இரண்டு பழத்தை முடிக்கிறவர்களுக்கு இந்தச் சலுகை செல்லாது.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்திலுள்ள கூலாயில் கோலாவை விடத் தே தாரிக்கைத்தான் கவனிக்க வேண்டும். கலக்குகிறவர் கோப்பையில் டின் பாலை அளந்து ஊற்றுவதில்லை. கை பழகிய கணக்கில் ஊற்றுகிறார். இரண்டு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொண்டால் 40 கிராம். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவு சீனி, அதாவது சுமார் 18 கிராம். நாளுக்கு மூன்று கோப்பை என்றால் 54 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு அதிகபட்சம் என்று சொல்லும் 50 கிராம் அதிலேயே தீர்ந்துபோகிறது. மைலோ, சிராப், பலகாரம் எல்லாம் அதற்கு மேல். முடிந்தால் 25 கிராமுக்குள் நிறுத்துங்கள் என்றும் அந்த நிறுவனம் சொல்கிறது. இன்று கடைகளில் டின்னில் வருவது பெரும்பாலும் வெறும் பால் கிடையாது, செம்பனை எண்ணெய் கலந்த இனிப்புக் கிரீமர். ஆக, ஒரே கோப்பையில் சீனியும் நிறைகொழுப்பும் சேர்ந்து போகின்றன. எண்ணெய்ச்சட்டியை இறக்கி வைத்த வீட்டுக்காரர் அந்த எண்ணெயைக் கோப்பையில் குடித்துக்கொண்டிருக்கிறார்.

எண்ணெய் நிரபராதி என்று நான் சொல்லவில்லை. எந்த எண்ணெய், எவ்வளவு என்பதே கேள்வி. கூலாயில் இருந்துகொண்டு அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. கூலாய் மாவட்டத்தில் ஓர் ஊரின் பெயரே கெலாப்பா சாவிட், செம்பனை. செடெனாக் பக்கம் போனாலும் புக்கிட் பத்து பக்கம் போனாலும் சாலையின் இரு புறமும் அந்த மரம்தான். அரசாங்க உதவித்தொகையில் ஒரு கிலோ பாக்கெட் எண்ணெய் 2 வெள்ளி 50 காசுக்குக் கிடைக்கிறது. ஸ்வீடனின் உப்சாலாவில் ஒல்லியான 39 இளைஞர்களுக்கு ஏழு வாரம் தினமும் மஃபின் கேக் கொடுத்தார்கள். ஒரு பிரிவின் கேக் செம்பனை எண்ணெயில் செய்தது, மற்றப் பிரிவினுடையது சூரியகாந்தி எண்ணெயில். இரு பிரிவுக்கும் ஒரே அளவு எடை ஏறியது. ஆனால் செம்பனைப் பிரிவில்தான் கல்லீரல் கொழுப்பும் வயிற்று உள்கொழுப்பும் தெளிவாகக் கூடின. 2014இல் வந்த இந்த ஆய்வுக்குப் பிறகு 2018இல் பின்லாந்துக்காரர்கள் இன்னும் கறாராகப் பார்த்தார்கள். மூன்று வாரம் நாளுக்கு ஆயிரம் கலோரி கூடுதலாகக் கொடுத்தபோது, நிறைகொழுப்பாகக் கொடுத்தவர்களுக்கு ஈரல் கொழுப்பு 55 விழுக்காடு ஏறியது. சீனியாகக் கொடுத்தவர்களுக்கு 33. நிறைவுறாக் கொழுப்பாகக் கொடுத்தவர்களுக்கு 15.

அப்படியானால் சீனியை விட எண்ணெய்தானே மோசம் என்று கேட்கலாம். ஆயிரத்துக்கு ஆயிரம் என்று வைத்தால் ஆம். ஆனால் இந்த இரண்டு ஆய்வுகளிலும் தேவைக்கு மேல் திணித்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. நம் வீட்டுக் குழம்பில் தாளிக்க ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெய் எங்கே, நாளுக்கு ஆயிரம் கலோரி எங்கே! என் பார்வையில் கூலாய்க்காரர் கவனிக்க வேண்டிய எண்ணெய் சமையலறையில் குறைவாகவும் வெளியே அதிகமாகவும் இருக்கிறது: ரொட்டி சானாய் மாவு ஊறிக் கிடக்கும் மார்ஜரின், ஒட்டுக்கடையில் திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் பொரிந்த கோரெங் பிசாங், பிஸ்கட், கறிபாப், இனிப்புக் கிரீமர். வீட்டில் செம்பனைக்குப் பதில் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ அளவாக வைத்துக்கொள்வது நல்லதுதான். அதைச் செய்துவிட்டு வெளியே முன்போலவே சாப்பிட்டால் ஈரலுக்கு வித்தியாசமே தெரியாது.

சோறு? இந்த இடத்தில்தான் நம்மவர்களுக்குக் கோபம் வரும். ஆக்கிய சோறு 300 கிராம், அதாவது நடுத்தரமாகக் குவித்த ஒரு தட்டு, சுமார் 390 கலோரி, 84 கிராம் மாவுச்சத்து. மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று, காலையில் பசியாற நாசி லெமாக் அல்லது தோசை. சென்னையில் டாக்டர் வி. மோகன் குழுவினர் நடத்திய நகர்ப்புற ஆய்வில், மக்கள் உண்ணும் மொத்தக் கலோரியில் கிட்டத்தட்ட பாதி தீட்டிய அரிசி போன்ற வெள்ளைத் தானியத்திலிருந்து வருவதாகவும், அது கூடக்கூட இடுப்பளவும் இரத்தக் கொழுப்பும் கூடுவதாகவும் கண்டார்கள். அதே குழு 2009இல் சென்னை மக்களில் 32 விழுக்காட்டினருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் 54.5 விழுக்காட்டினருக்கும் கொழுப்புக் கல்லீரல் இருப்பதாகச் சொன்னது. சோறு விஷம் என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. மாவுச்சத்தை வெட்டினால் வேகமாக இறங்குகிறதா, கொழுப்பை வெட்டினாலா என்று பார்த்தபோது, முதல் இரண்டு வாரம் மாவுச்சத்தை வெட்டியவர்கள் முந்தினார்கள்; ஆறு மாதத்தில் இரண்டு கூட்டமும் ஒரே இடத்தில் வந்து நின்றன. மொத்தம் எவ்வளவு உள்ளே போகிறது என்பதே முடிவு செய்கிறது. நம் தட்டில் அந்த மொத்தத்தின் பெரிய குவியல் சோறாக இருப்பதால், குறைப்பதற்கு வசதியான இடமும் அதுவாகிவிடுகிறது.

நமக்கு இது ஏன் இத்தனை சுளுவாக வருகிறது என்பதற்கு உடம்பிலும் ஒரு காரணம் இருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 2006இல் ஒல்லியான இளம் ஆண்களை ஒப்பிட்டபோது, இந்திய வம்சாவளியினரின் கல்லீரல் கொழுப்பு வெள்ளையரைவிட இரு மடங்கு இருந்தது. 2010இல் மேற்கு வங்காளத்தின் கிராமங்களில் ஒரு கணக்கெடுப்பு வந்தது. வயலில் வேலை செய்யும் ஏழை மக்கள், பருமன் அரிதான ஊர். அங்கேயும் 8.7 விழுக்காட்டினருக்கு இந்த நோய். அவர்களில் முக்கால்வாசிப் பேரின் உடல் நிறை எண் 25க்குக் கீழே. நம் தோலுக்கடியில் கொழுப்பு வைக்க இடம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. மிஞ்சியது வயிற்றுக்குள்ளும் ஈரலுக்குள்ளும் போகிறது. அதனால்தான் ஆசியர்களுக்கு 23க்கு மேலேயே எச்சரிக்கை என்று வரையறுத்தார்கள். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. தராசைவிடத் தையல்காரர் நாடா நமக்குச் சரியாகச் சொல்லும். கையும் காலும் குச்சியாக, வயிறு மட்டும் முன்னால் நிற்கும் ஆளைப் பார்த்து ‘உனக்கென்ன, ஒல்லியா இருக்கே’ என்று சொல்வது நம்மிடம் உள்ள ஆபத்தான பாராட்டுகளில் ஒன்று.

மலேசியக் கணக்கிலும் நம்மவர்களின் இந்த ஆபத்து தெரிகிறது. 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடம் அது 31.4. மூன்று பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். 2023 ஆய்வில் நாடு முழுவதற்குமான நீரிழிவு 15.6 விழுக்காடாக இறங்கியது, ஆனால் எடை கூடியவர்களும் பருமனானவர்களும் சேர்ந்து 54.4 விழுக்காட்டை எட்டினார்கள். நீரிழிவும் கொழுப்புக் கல்லீரலும் ஒன்றையொன்று இழுத்து வருபவை. ஒன்று இருக்கும் வீட்டில் மற்றதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

ஆனால் மரபணுவை மட்டும் பழித்தால் கதை முடியாது. கூலாய்த் தமிழர்களின் தாத்தா பாட்டிக்கும் இதே மரபணுதான். கூலாய் பெசார் போன்ற ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நின்று, நானூறு ஐந்நூறு மரம் வெட்டி, பால்வாளி சுமந்து, மத்தியானம் லயத்துக்குத் திரும்பிச் சாப்பிட்ட சோறு அது. கருவாடு, கத்திரிக்காய், லயத்துக்குப் பின்னால் வளர்ந்த முருங்கைக்கீரை, அதோடு மலைபோல் குவித்த சோறு. அந்த உழைப்புக்கு அந்தக் குவியல் தேவைப்பட்டது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் வந்தது. பிள்ளைகள் செனாய் தொழிற்பேட்டையில் ஷிஃப்டு வேலைக்குப் போனார்கள். இன்னும் பலர் விடியற்காலை நான்கரைக்கு மோட்டாரை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குப் போகிறார்கள். களைப்பு அதேதான், ஒருவேளை அதைவிட அதிகம். ஆனால் அது நெரிசலில் உட்கார்ந்து வந்த களைப்பு, தூங்காத களைப்பு. தசை எரித்த களைப்பு இல்லை. வீட்டுக்கு வரும்போது மணி எட்டு, ஒன்பது. பகலெல்லாம் கேன்டீன் சாப்பாட்டில் ஒப்பேற்றிவிட்டு, அன்றைய நாளின் பெரிய சாப்பாட்டை அப்போதுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டதும் படுக்கை. தட்டிலிருந்த கீரையும் கருவாடும் குறைந்து கோழியும் முட்டையும் வந்தன. சோற்றுக் குவியலின் உயரம் மட்டும் தோட்டத்தில் இருந்த மாதிரியே இருக்கிறது.

மதுவைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். தோட்டத்துக் கள்ளுக்கடையும் சம்சுவும் நம் சமூகத்தில் செய்துவிட்டுப் போன வேலை எல்லாருக்கும் தெரியும். டாக்டர் கேட்டால் ‘எப்பவாச்சும் ஒரு டின்’ என்று சொல்கிறோம். 5 விழுக்காடு சாராயமுள்ள 320 மில்லி பீர் டின்னில் சுமார் 12, 13 கிராம் சாராயம் இருக்கிறது. ஆணுக்கு நாளுக்கு 30 கிராம், பெண்ணுக்கு 20 கிராம் தாண்டினால் புதிய வரையறையில் அது சாப்பாட்டால் மட்டும் வந்த நோயாகக் கருதப்படாது, மதுவும் கூட்டாளி. மூன்று டின்னில் கோட்டைத் தாண்டிவிடலாம். ஏற்கெனவே கொழுப்பேறிய ஈரலுக்கு அதற்குக் கீழேயும் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது.

சரி, இறங்குமா? இறங்கும், மற்ற நோய்களைவிட இது வேகமாகவே இறங்கும். கியூபாவில் 293 நோயாளிகளை ஓராண்டு உணவும் நடையும் கொண்டு வழிநடத்தி, தொடக்கத்திலும் முடிவிலும் ஈரல் சதையை எடுத்துச் சோதித்தார்கள். 2015இல் முடிவு வந்தது. உடல் எடையில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 90 விழுக்காட்டினருக்கு ஈரல் அழற்சி தீர்ந்தது. 45 விழுக்காட்டினருக்குத் தழும்பே பின்வாங்கியது. 80 கிலோ ஆளுக்கு அது 8 கிலோ. அவ்வளவு முடியாவிட்டாலும் 5 விழுக்காட்டிலேயே கொழுப்பு குறையத் தொடங்கும். இங்கிலாந்தின் நியூகாசிலில் கடுமையான குறைகலோரி உணவு கொடுத்தபோது முதல் வாரத்திலேயே கல்லீரல் கொழுப்பு 30 விழுக்காடு இறங்கியது. உடம்பு கொழுப்பை இறக்கத் தொடங்கும்போது ஈரலில் இருப்பதைத்தான் முதலில் விடுகிறது. கண்ணாடியில் வயிறு குறைந்தது தெரிவதற்கு முன்பே உள்ளே வேலை நடந்துவிடுகிறது என்பது பலரும் அறியாத நல்ல செய்தி.

எடை குறையாமலே உணவின் தரம் மட்டும் மாறினால்? மெல்பர்னில் 12 பேரிடம் ஆறு ஆறு வாரம் இரண்டு உணவு முறைகளை மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். ஆலிவ் எண்ணெய், மீன், பருப்பு, காய்கறி நிறைந்த மத்தியதரைக்கடல் உணவில் ஈரல் கொழுப்பு 39 விழுக்காடு குறைந்தது. கொழுப்பு குறைத்த வழக்கமான உணவில் 7 விழுக்காடு. எடை இரண்டிலும் பெரிதாக மாறவில்லை. ஆலிவ் எண்ணெயைத் தேடிக் கூலாயில் அலைய வேண்டியதில்லை. பருப்பு, கொண்டைக்கடலை, கெம்போங், மத்தி, பசலை, முருங்கை, வெண்டைக்காய் எல்லாம் பசாரிலேயே இருக்கின்றன. தட்டில் அவற்றுக்கு இடமில்லாமல் சோறு உட்கார்ந்திருக்கிறது, அதுதான் குறை. மலேசியச் சுகாதார அமைச்சின் ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ தட்டு இதைத்தான் சொல்கிறது: கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ பருப்போ, பாதித் தட்டு காயும் பழமும். வாழையிலைச் சாப்பாட்டில் இதைச் செய்து பார்த்தால் அதன் கஷ்டம் புரியும். கடையில் காய் மூன்று தேக்கரண்டி வைப்பார்கள், சோற்றைக் கேட்காமலே மறுமுறை கொட்டுவார்கள். இரண்டாம் கொட்டலின்போது கையைக் குறுக்கே நீட்டி, ‘சோறு போதும்ணே, கீரை கொஞ்சம் வைங்க’ என்று சொல்வது மருந்துச் சீட்டில் எழுதத் தகுந்த வாக்கியம்.

சாப்பிடும் நேரத்தைச் சுருக்குவது இப்போது பிரபலம். எட்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு மற்ற நேரம் பட்டினி. சீனாவின் குவாங்சோவில் ஓராண்டு சோதித்து 2023இல் எழுதினார்கள்: வெறும் கலோரியைக் குறைத்தவர்களைவிட இவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. ராத்திரி பத்து மணிச் சோற்றை நிறுத்த அந்த விதி யாருக்காவது உதவினால் தாராளமாகப் பின்பற்றலாம். அதில் மந்திரம் எதுவும் இல்லை. காப்பிக்கு மட்டும் ஆய்வுகள் தொடர்ந்து சாதகமாக வருகின்றன. நாளுக்கு இரண்டு மூன்று கோப்பை குடிப்பவர்களிடம் ஈரல் தழும்பு குறைவாகக் காணப்படுகிறது. பாலும் சீனியும் இல்லாமல் கூலாயில் அதைக் கேட்கும் முறை ‘கோப்பி ஓ கோசோங்’. இங்கத்திய கோப்பிக்கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் போட்டு வறுப்பது ஒரு சின்ன நெருடல். அதற்காகத் தே தாரிக்கோடு அதை ஒப்பிட முடியாது.

அடுத்தது கீழாநெல்லி. மஞ்சள் காமாலைக்குக் கொடுத்த கை மருந்து இப்போது ஃபேட்டி லிவருக்கும் போகிறது. மூலிகை எதையும் நான் எள்ளவில்லை. மலாயாப் பல்கலைக்கழகமே மில்க் திசில் என்னும் மூலிகைச் சத்தான சிலிமரினை 99 நோயாளிகளிடம் ஓராண்டு அளவுக்குச் சோதித்தது. 2017இல் வந்த முடிவில், நோய் தணிந்தவர்களின் விகிதத்தில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. தழும்பு மட்டும் சிலருக்குக் கூடுதலாகக் குறைந்தது. அப்படிப் பரீட்சை எழுதாத புட்டிகள்தான் கடைகளில் அதிகம். கொரோனா காலத்தில் மும்பையில் சீந்தில் கஷாயம் குடித்தவர்கள் சிலர் கடும் ஈரல் அழற்சியோடு மருத்துவமனைக்கு வந்ததை 2021இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஈரலைக் காக்கக் குடித்தது ஈரலையே தாக்கக்கூடும். மருந்துக் கம்பெனிகளின் பக்கத்திலும் இப்போதுதான் கதவு திறந்திருக்கிறது: ரெஸ்மெட்டிரோம் மாத்திரைக்கு 2024 மார்ச்சிலும், எடை குறைப்பு ஊசியான செமாக்ளுடைடுக்கு 2025 ஆகஸ்ட்டிலும் அமெரிக்கா அனுமதி தந்தது. இரண்டும் தழும்பு விழுந்த நிலைக்கானவை, விலையும் கடுமை. உணவு மாற்றத்தோடு சேர்த்துக் கொடுக்கவே அனுமதி.

தழும்பு விழுந்திருக்கிறதா என்று அறிய மலிவான வழி ஒன்று இருக்கிறது. பலர் கேட்பதே இல்லை. நீரிழிவுக்காகக் கிளினிக்குக்குப் போகிறவருக்கு எடுக்கும் சாதாரண இரத்தச் சோதனை எண்களே போதும். ஏஎஸ்டி, ஏஎல்டி என்பவை கல்லீரல் நொதிகள். வயதை ஏஎஸ்டி எண்ணால் பெருக்கி, அதை இரத்தத் தட்டணு எண்ணிக்கையாலும் ஏஎல்டியின் வர்க்கமூலத்தாலும் வகுக்க வேண்டும். இதற்கு ஃபிப்-4 என்று பெயர். ஐம்பது வயதுக்காரர், ஏஎஸ்டி 40, ஏஎல்டி 49, தட்டணு 200 என்று வைப்போம்: 2000ஐ 1400ஆல் வகுத்தால் 1.43. தாளில் பார்த்தால் பெரிதாகச் சிவப்புக் கோடு எதுவும் இருக்காது. ஆனால் 1.3ஐத் தாண்டிவிட்டது, ஆகவே ஃபைப்ரோஸ்கேன் போன்ற அடுத்த சோதனையைக் கேட்க வேண்டும். 2.67ஐத் தாண்டினால் நிபுணரிடம் போவதைத் தள்ளிப்போடக் கூடாது. 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முதல் எல்லை 2.

தட்டையும் கோப்பையையும் தனியாள் ஒழுக்கமாக மட்டும் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. சீனி கிலோ 2 வெள்ளி 85 காசு என்று அரசு விலை கட்டிவைத்திருக்கும் நாடு இது. 2019 ஜூலை 1 முதல், 100 மில்லியில் 5 கிராமுக்கு மேல் சீனியுள்ள புட்டிப் பானத்துக்கு லிட்டருக்கு 40 காசு வரி வந்தது. 2024இல் 50 காசு, 2025இல் 90 காசு. நல்ல வேலை. ஆனால் கடையில் கலக்கும் தே தாரிக் அந்த வலையில் சிக்காது. பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் புட்டிப் பானங்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘ஏ’ முதல் ‘டி’ வரையிலான சீனி முத்திரை, ஓராண்டுக்குப் பின் பெரிய கடைகளில் அப்போதைக்கப்போது கலக்கித் தரும் பானங்களுக்கும் வந்துவிட்டது. கூலாயிலிருந்து வேலைக்குப் போகிறவர் மத்தியானம் அங்கே பட்டியலில் எழுத்தைப் பார்த்துத் தேத்தண்ணி வாங்குகிறார்; ராத்திரி இங்கே வந்து எதையும் பார்க்காமல் வாங்குகிறார். இங்கே மாமாக் கடையில் ‘கூராங் மானிஸ்’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் குறைத்துத்தான் கலக்குகிறார்கள். கேட்காதவருக்கு முழு இனிப்பு. கேட்காதவருக்குக் குறைந்த இனிப்பு, கேட்பவருக்கு மட்டும் கூடுதல் என்று வழக்கத்தைத் திருப்பிப்போட மத்திய அரசின் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாப்பாட்டுக் கடைக்கு உரிமம் கொடுப்பது கூலாய் நகராண்மைக் கழகம். உரிமத்தைப் புதுப்பிக்கும் நிபந்தனைகளில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க அதனால் முடியும்.